குடுவிலிருந்து மருந்தோடு மீள்வது: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தொடங்கும் முறை

குடு (ஹெரோயின்) பாவிக்கிற ஒருவரை அறைக்குள் பூட்டி வைத்தாலும் பத்து நாளில் உடம்பு நோவு இறங்கிவிடும். இறங்காதது மூளையின் கேள்வி, அதாவது குடு வேணும் என்று உள்ளே எழும் ஏக்கம். நித்திரையின்மை, எரிச்சல், எதிலும் சந்தோசமில்லாத வெறுமை எல்லாம் மாதக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு நாள் கை தவறினால் ஆள் பழைய அளவையே எடுப்பார், ஆனால் அதைத் தாங்கும் சக்தி உடம்பில் இப்போது இருக்காது. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில கிழமைகளில் மூச்சடங்கிச் சாகும் ஆபத்து மிகக் கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆகவே “சுத்தமாக்கிக் கொண்டு வருவது” மட்டும் சிகிச்சை ஆகாது. மருந்து கொடுத்து, ஆளை நிலைப்படுத்தி, அந்த நிலையிலேயே நீண்ட காலம் வைத்திருப்பதுதான் சிகிச்சை. குடுவுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன், பியூப்ரனோர்பின் என்ற இரண்டு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாற்றுகிறார்கள்” என்று ஊரில் சொல்வார்கள். குடு நாலைந்து மணித்தியாலத்தில் ஏறி இறங்கி விடுவதால் ஆள் ஒரு நாளில் பல தடவை அதைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. சரியான அளவில் கொடுக்கும் மெதடோனோ பியூப்ரனோர்பினோ ஒரு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும். வெறி ஏறாது, குடு இல்லாதபோது வரும் உடம்பு வருத்தமும் வராது. ஆள் வயலுக்குப் போகலாம், ஓட்டோ ஓடலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். வீட்டுக்காரர் இதை விளங்கிக்கொள்ளாமல் “எப்ப இந்தக் குளிசையையும் விடப்போறாய்?” என்று முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்குவதுதான் பலருக்குச் சிகிச்சை முறியும் இடம்.

யாருக்கு இந்த மருந்து, யாருக்கு இல்லை

அபின் வகைக்கு மட்டும்தான் இந்த மருந்துகள். குடு, அதாவது ஹெரோயின், அந்த வகை. மோர்பின், கோடின் கலந்த இருமல் பாணி, டிரமடோல் குளிசை ஆகியனவும் அதே வகை. ஐஸ் (மெதம்பெட்டமின்) அந்த வகை அல்ல. ஐஸ் பாவனைக்கு மெதடோனும் பியூப்ரனோர்பினும் வேலை செய்யாது, அதற்குரிய உதவி வேறு. நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரிகபலின் குளிசையும் அபின் வகை அல்ல. ஆனால் குடுவோடும் மெதடோனோடும் சேரும்போது மூச்சை அடக்கும். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாவிக்கிறவர் தொகை கூடிவருவதால், “என்ன பாவிக்கிறாய்?” என்ற கேள்விக்கு ஒரு பெயரோடு நிறுத்தக் கூடாது.

டிரமடோலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பார்மசிக் குளிசைதானே என்று அதைச் சின்ன விசயமாக நினைக்கிறார்கள். அளவு கூடினால் வலிப்பு வரும். திடீரென்று நிறுத்தினால் வழமையான உளைவோடு, பயமும் குழப்பமும் சேர்ந்து வரலாம். நாளுக்கு எத்தனை குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று எண்ணி எழுதிக்கொண்டு போங்கள்.

எங்கே போவது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கல்முனை, அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள பெரிய அரச வைத்தியசாலையின் உளநல கிளினிக்கில் தொடங்கலாம். வாகரை, பொத்துவில், திருக்கோவில் போன்ற தூர இடத்தவர்கள் முதலில் தங்கள் பிரதேச வைத்தியசாலை ஓபிடியில் விசயத்தைச் சொல்லி, உளநல கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

போவதற்கு முன் 1927 க்கு அழையுங்கள். அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். உளநல உதவிக்கு 1926. கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது, ஏனென்றால் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். எங்களுக்குக் கிட்டிய எந்த வைத்தியசாலையில் மெதடோன் அல்லது பியூப்ரனோர்பின் இப்போது கொடுக்கிறார்கள்? புதிதாக ஆளைச் சேர்க்கிறார்களா, எந்தக் கிழமையில்? மருந்தை நாள்தோறும் வந்து குடிக்க வேண்டுமா, வீட்டுக்குத் தருவார்களா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் வீணாகாது. மருந்துக் கையிருப்பு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுவதால், போன வருசம் ஒருவர் சொன்னதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கும் எல்லாக் குளிசைகளும் அதனதன் உறையோடு. முதல் சில நாள்களுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. தாயோ, மனைவியோ, நானாவோ, மச்சானோ, ஏசாத ஆளாக இருந்தால் போதும்.

முதல் நாள் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

கடைசியாக எப்போது பாவித்தீர்கள் என்பதை மணியோடு சொல்லுங்கள். “நேற்று” என்பது போதாது, “நேற்று இரவு ஒன்பது மணிக்கு” என்பதுதான் உதவும். எவ்வளவு, எப்படி என்பதும் வேண்டும்: ஈயத்தாளில் புகைத்ததா, ஊசியா, ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட். கூச்சத்தில் குறைத்துச் சொல்கிறவர்களுக்கு மருந்து குறைவாகக் கிடைக்கும், மூன்றாம் நாளே ஆள் ஓடிப்போவார். மருந்து கூடக் கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொல்கிறவருக்கு அதைவிடக் கெடுதி வரும், மெதடோனில் அது உயிர் விசயம்.

மற்றது, மறைக்கக் கூடாதவை. சாராயம் குடிப்பது, நித்திரைக் குளிசை, பிரிகபலின். காசநோய் மருந்து: அதிலுள்ள ரிபாம்பிசின் மெதடோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், அளவு சரியாக இருந்தவருக்கே ஒரு கிழமையில் வருத்தம் தொடங்கும். வலிப்புக்குக் குடிக்கும் கார்பமசெபின், பெனிற்றோயின் ஆகியனவும் அப்படியே. கிருமிக்குக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசின், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் புளுகொனசோல் ஆகியன மறுபக்கம் வேலை செய்து மெதடோனின் அளவை உடம்பில் கூட்டும். இதய வருத்தம், குடும்பத்தில் திடீரென்று இறந்தவர்கள், ஆஸ்மா, ஈரல் வருத்தம் இருந்தால் சொல்லுங்கள். வருசக்கணக்காகப் புகைத்தவர்களின் சுவாசப்பை நல்ல நிலையில் இருக்காது.

கர்ப்பிணியாக இருந்தால் அதை முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும். வெட்கத்தில் சொல்லாமல் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது கருவுக்கு ஆபத்து. கர்ப்ப காலத்தில் மெதடோனிலோ பியூப்ரனோர்பினிலோ வைத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. பிறந்த பிள்ளைக்குச் சில நாள் நடுக்கமும் அழுகையும் வரலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. மருந்தில் நிலையாக இருக்கும் தாய் பெரும்பாலும் பால் கொடுக்கலாம்.

சிறுநீர்ச் சோதனை, இரத்தச் சோதனை, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். ஊசி பாவித்தவர்கள் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை. முன்னால் இருக்கும் கூட்டத்தில் கதைக்க முடியாவிட்டால், “தனியாகக் கதைக்க வேணும்” என்று தாதியிடம் சொன்னால் போதும்.

பியூப்ரனோர்பின் தொடங்கும் முறை

நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை இது, பொதுவாக 2 மில்லிகிராம், 8 மில்லிகிராம் அளவுகளில் வரும். சில வகைகளில் அபின் வகையின் வேலையை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்தும் கலந்திருக்கும். அது குளிசையைக் கரைத்து ஊசியில் ஏற்றாமல் தடுப்பதற்கு. நாக்குக்கு அடியில் வைக்கும்போது நலொக்சோன் கிட்டத்தட்ட உடம்பில் ஏறுவதே இல்லை.

இந்த மருந்தில் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. மூளையில் குடு ஒட்டியிருக்கும் அதே இடத்தில் பியூப்ரனோர்பின் அதைவிட இறுக்கமாக ஒட்டும், ஆனால் அரைவாசி பலத்தில்தான் வேலை செய்யும். குடு இன்னும் உடம்பில் நிறைய இருக்கும்போது குளிசையை வைத்தால், அது குடுவை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். முழுப் பலத்திலிருந்து அரைப் பலத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் விழும் அந்த வீழ்ச்சி, தானாக வரும் வருத்தத்தைவிடப் பல மடங்கு மோசம். வாந்தி, வயிற்றோட்டம், உடம்பெல்லாம் முறுக்கு, தாங்க முடியாத பதற்றம். “அந்தக் குளிசை எனக்கு ஒத்துவரல்ல” என்று சொல்லித் திரிகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். குளிசையில் பிழை இல்லை, அவசரத்தில்தான் பிழை.

ஆகவே கடைசியாகக் குடு பாவித்து குறைந்தது 12 மணித்தியாலம் கழிய வேண்டும். மெதடோனில் இருந்தவருக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல், சில வேளை இரண்டு மூன்று நாள் வேண்டும். மணிக்கூட்டை மட்டும் பார்க்காமல் உடம்பையும் பாருங்கள். கொட்டாவி, மூக்கால் கண்ணால் தண்ணி, வியர்வை, மயிர்க்கூச்சு, கண்மணி விரிதல், எலும்பு உளைவு, வயிற்றுப் புரட்டல், நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாமை. வைத்தியர் இவற்றை நாடித்துடிப்போடு சேர்த்து 11 விசயங்களாகப் புள்ளி போடுவார். 5 முதல் 12 வரை இலேசு, 13 முதல் 24 வரை நடுத்தரம். பொதுவாகப் 12 அளவில் வந்த பிறகு தொடங்குவது பாதுகாப்பு. அதற்கு முன்னால் “தாங்க முடியல்ல, இப்பவே தாங்க” என்று கெஞ்ச வேண்டாம். தாதி இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கச் சொன்னால் அது உங்கள் நன்மைக்கு.

வசதியான கணக்கு ஒன்று: முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் கடைசிப் பாவனை, காலை எட்டு மணிக்குக் கிளினிக்கில் வருத்தத்தோடு இருப்பது. வழியில் பஸ் நிலையத்தில் “கொஞ்சமாக” இழுத்துவிட்டுப் போனால் அன்றைய நாள் போச்சு. அப்படி நடந்துவிட்டால் அதை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப் போடுவது மேல்.

முதல் அளவு 2 அல்லது 4 மில்லிகிராம். குளிசையை வைப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனையுங்கள். காய்ந்த வாயில் கரையாது. வெற்றிலை போட்டிருந்தால் துப்பி நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைத்து, முழுதாகக் கரையும் வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், கதைக்காமல், விழுங்காமல், சிகரெட் பிடிக்காமல் இருங்கள். விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும், மருந்து வீண். கரைந்த பிறகு தண்ணீரால் கொப்பளித்து விழுங்கி, ஒரு மணித்தியாலம் கழித்துப் பல் துலக்குங்கள். இந்தக் குளிசையால் பல் சூத்தை வருவது தெரிந்த விசயம், ஆனபடியால் கொப்பளிப்பதை மறக்க வேண்டாம்.

ஒன்று இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். உளைவு குறைந்தால் சரியான பாதை. இன்னும் இருந்தால் மேலும் 2 அல்லது 4 மில்லிகிராம் தருவார்கள், முதல் நாள் மொத்தம் வழமையாக 8 மில்லிகிராம் அளவில் நிற்கும். இரண்டாம் நாள் முதல் நாளின் மொத்தத்தோடு தொடங்கி, தேவைக்குக் கூட்டி, 12 முதல் 16 வரை போவார்கள். நிலையான அளவு பலருக்கு 16 மில்லிகிராம், சிலருக்கு 8 போதும், சிலருக்கு 24 வேண்டும். முதல் குளிசைக்குப் பிறகு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்குள் திடீரென்று வருத்தம் பெருகினால் அது மேலே சொன்ன, குளிசை குடுவைத் தள்ளுவதால் வரும் வீழ்ச்சி. உடனே சொல்லுங்கள். வீட்டுக்கு ஓடிப்போய்க் குடு இழுத்தால் பலன் இல்லை, இடம் அடைபட்டிருக்கிறது. அதை மீற அளவைக் கூட்டக் கூட்ட உயிருக்கு ஆபத்து. வைத்தியர் மேலும் பியூப்ரனோர்பின் தந்தோ, குளோனிடின் போன்ற, வருத்தத்தைத் தணிக்கும் மருந்துகள் தந்தோ அன்றைக்கே அமர்த்துவார்.

மெதடோன் தொடங்கும் முறை

மெதடோனுக்கு வருத்தம் வரும் வரை அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் மயக்கத்தோடு போனால் தரமாட்டார்கள். இது பெரும்பாலும் பாணியாக, தாதியின் முன்னால் குடிக்கும் மருந்து. முதல் நாள் அளவு வழமையாக 10 முதல் 30 மில்லிகிராம் வரை. பிறகு சில நாளுக்கு ஒரு தடவை 5 அல்லது 10 மில்லிகிராம் கூட்டுவார்கள். கடைசியில் நிற்கும் அளவு பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 120 வரை.

ஏன் இவ்வளவு ஆறுதலாக? மெதடோன் உடம்பை விட்டுப் போக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். இன்றைய அளவின் பாதி உடம்பில் நிற்க நாளைய அளவு அதன்மேல் ஏறும். அளவைக் கூட்டாமலே நாலைந்து நாளில் இரத்தத்தில் மட்டம் ஏறிவிடும். முதல் நாள் “ஒண்டும் செய்யல்ல” என்று தோன்றிய அதே அளவு ஐந்தாம் நாள் ஆளைத் தூங்க வைக்கலாம். மெதடோனில் இறப்புகள் முதல் இரண்டு கிழமையில் கூடுதலாக நடப்பது இதனால்தான்: மருந்து போதவில்லை என்று குடுவும் சேர்த்து இழுப்பது, சாராயம், நித்திரைக் குளிசை, பிரிகபலின். இந்த இரண்டு கிழமையில் வீட்டில் ஒருவர் இரவு ஒரு தடவையாவது எழும்பி மூச்சைப் பார்க்க வேண்டும். வழமைக்கு மாறான குறட்டை, எழுப்பினாலும் எழும்பாமை, கதைக்கும்போதே தலை தொங்குதல் இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

குடித்த மருந்தை வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பக் குடிக்க வேண்டாம், எத்தனை நிமிடம் கழித்து எடுத்தீர்கள் என்று கிளினிக்கில் சொல்லுங்கள். மூன்று நாள் தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே குடிக்கக் கூடாது, தாங்கும் சக்தி குறைந்திருக்கும். ஐந்து நாளுக்கு மேல் என்றால் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். தவறியதை மறைத்து மருந்து வாங்குவது பெரிய ஆபத்து. அளவு கூடியவர்களுக்கும் இதய வருத்தமுள்ளவர்களுக்கும் ஈ.சி.ஜி. எடுப்பது மெதடோன் இதயத்தின் தாளத்தைக் குழப்பக் கூடும் என்பதற்காக. படபடப்போ திடீர் மயக்கமோ வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம்.

மாற்று மருந்து கிடைக்காத இடத்தில்

அப்போதும் போவதில் பயன் உண்டு. குடுவின் வருத்தம் 8 முதல் 12 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். அந்த நாள்களுக்கு வாட்டில் வைத்து அல்லது கிளினிக்கில் குளோனிடின் தருவார்கள். பிரஷர் 90/60 க்குக் கீழே போனால் அதைக் கொடுக்க மாட்டார்கள், கட்டிலிலிருந்து மெதுவாக எழும்ப வேண்டும். வயிற்றோட்டத்துக்கு லோபரமைட், வாந்திக்கு மருந்து, உளைவுக்குப் பனடோல்: ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் பொடி) கரைத்துக் குடியுங்கள், செவ்விளநீரும் கஞ்சியும் நல்லது. சாப்பாடு இறங்காவிட்டாலும் தண்ணீர் இறங்க வேண்டும்.

அதன் பிறகு நல்ட்ரெக்சோன் என்ற வழி இருக்கிறது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளிசை, குடு பிடித்தாலும் ஏறாமல் தடுக்கும். ஆனால் கடைசிப் பாவனைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் முழுதாகக் கழியாமல் குடித்தால் கடும் வருத்தம் வரும், அது ஒரு நாள் முழுக்க நிற்கலாம். ஈரல் சோதனையும் தேவை. இது கேள்வியைப் பெரிதாகக் குறைப்பதில்லை, ஆனபடியால் மற்றொருவர் கையால், கண் முன்னால் கொடுத்தால்தான் வேலை செய்யும். குளிசையை விட்டுவிட்டுக் குடுவைத் தொட்டால் ஆபத்து முன்பைவிடக் கூட.

தங்கியிருந்து சிகிச்சை பெற விரும்புகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ பக்கங்களில் உள்ளன. 1927 இல் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அங்கிருந்து திரும்பும் நாளுக்கு முன்பே, ஊரில் எந்தக் கிளினிக்கில் எந்தத் திகதியில் காட்டுவது என்று முடிவாகியிருக்க வேண்டும். காசு கட்டி அடி உதை வாங்கும் இடங்களுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அடி இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை.

வீட்டில் மருந்தை வைத்திருப்பது

பெரியவர் ஒருவரின் ஒரு நாள் மெதடோன் ஒரு சின்னப் பிள்ளையைக் கொல்லப் போதும். பூட்டுள்ள பெட்டி வேண்டும். சோடாப் போத்தலில், பாணிப் போத்தலில் ஊற்றி வைப்பதும் குளிர்சாதனப் பெட்டியில் மற்றச் சாமான்களோடு வைப்பதும் கூடவே கூடாது. குளிசையை மச்சானுக்கு, கூட்டாளிக்கு “ஒண்டு குடுத்துப் பார்ப்பம்” என்று கொடுக்க வேண்டாம். பழக்கமில்லாதவரின் மூச்சு அடங்கிவிடும். கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலை உறையையும் எப்போதும் மருந்தோடு வைத்திருங்கள், வழியில் பொலிஸ் மறித்தால் காட்ட வேண்டி வரும்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும், நம் பக்கத்து வெயிலில் இன்னும் கூடுதலாக. தண்ணீர், கீரை, பழப்புளி, தேவையென்றால் வைத்தியர் தரும் மருந்து. வியர்வை, நித்திரை கலைதல், ஆண்மை குறைதல் ஆகியவற்றையும் சொல்லலாம், அளவைத் திருத்துவதால் சில சரியாகும். வெட்கப்பட்டுக் குளிசையை நிறுத்துவதைவிடச் சொல்வது நல்லது.

நோன்பு, கடல், தூரம்

ரமழானில் தொடங்க நேர்ந்தால், மருந்து தொடங்கும் முதல் நாள்களை நோன்புக்கு வெளியே வைப்பது நல்லது. வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ள ஆள் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம். சந்தேகமென்றால் பள்ளிவாசல் மௌலவியிடம் கேளுங்கள். நிலைப்பட்ட பிறகு கஸ்டமில்லை: ஒரு நாளைக்கு ஒரு தடவை மருந்து என்பதால் நோன்பு திறந்த பின் அல்லது சஹரில் எடுக்கலாம். கிளினிக்கில் கண் முன்னால் குடிக்கிறவர்கள் நேரத்தை மாற்ற முடியுமா என்று இரண்டு கிழமை முன்பே கேட்க வேண்டும்.

பலநாள் படகில் போகிறவர்கள் தொடக்கத்தில் கடலுக்குப் போகக் கூடாது. நடுக்கடலில் மூச்சடங்கினால் 1990 அம்புலன்ஸ் வராது. நிலைப்பட்ட பிறகு எத்தனை நாள் பயணம் என்று முன்கூட்டியே சொல்லி, கையில் கொண்டுபோக அளவு கிடைக்குமா என்று கேளுங்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை நாள்தோறும் யாரும் ஓட முடியாது. பியூப்ரனோர்பின் நிலைப்பட்டவர்களுக்கு இரட்டை அளவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறை உண்டு. கிட்டிய வைத்தியசாலைக்கு மருந்தை மாற்றித் தருவார்களா என்றும் கேட்கலாம். இவற்றை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கேட்காதவருக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக ஆயத்தமாகிறவர்கள் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் இந்த மருந்துகள் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை, முன் அனுமதியில்லாமல் பையில் கொண்டுபோனால் சிறைக்குப் போக நேரும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் வைத்தியரோடு கதையுங்கள், அவசரத்தில் மருந்தை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு காலம்? ஒரு வருசத்துக்குக் குறையாமல் என்று நினைத்துத் தொடங்குங்கள், பலருக்கு அதைவிட நீளும். குறைப்பதென்றால் வீடு, வேலை, நித்திரை எல்லாம் நிலைத்த பிறகு, மாதக்கணக்கில், சிறிது சிறிதாக. நடுவில் ஒரு நாள் குடு தொட்டுவிட்டால் சிகிச்சை தோற்றதாகாது. அடுத்த நாள் கிளினிக்கில் சொல்லி அளவு போதுமா என்று பாருங்கள்.

மூச்சடங்கினால்

வீட்டிலுள்ள எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் கூப்பிட்டாலும் நெஞ்செலும்பை விரல் மடக்கால் உரசினாலும் எழும்பவில்லை, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் குறைவு அல்லது இழுத்து இழுத்து வருகிறது, உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசி முனை போல. உடனே 1990 க்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்றுவது, தேசிக்காய் புழிவது, உப்புத் தண்ணீர் பருக்குவது, அடித்து எழுப்புவது எல்லாம் நேரத்தைத் தின்னும், வாயில் எதையும் ஊற்றினால் சுவாசப்பைக்குள் போகும். ஆளை மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னால் சாய்த்து, நாடியை (மோவாயை) மேலே தூக்கி, மூக்கைப் பொத்தி, ஐந்து ஆறு செக்கனுக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு உயர வேண்டும். மூச்சே இல்லாமல் ஆள் மரம் போலக் கிடந்தால் நெஞ்சு அமுக்கவும் வேண்டும், தெரியாவிட்டால் 1990 இல் கதைக்கிறவரைக் கேட்டுக்கேட்டுச் செய்யுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்து, வாந்தி உள்ளே போகாதபடி கிடத்துங்கள்.

என்ன பாவித்தார் என்று வந்தவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் போடும் நலொக்சோன் ஊசியில் ஆள் சில நிமிடத்தில் எழும்பி, “எனக்கு ஒண்டுமில்ல, வீட்ட போறன்” என்று சொல்லக் கூடும். விடாதீர்கள். அந்த ஊசியின் வேலை அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரைதான். மெதடோன் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் நிற்பதால், ஊசி இறங்கியதும் மூச்சு திரும்பவும் அடங்கலாம். வாட்டில் ஒரு இரவாவது வைத்துப் பார்க்க ஒத்துக்கொள்ளுங்கள்.